ஒன்றேகால் கிலோ குரல்

ஆவணி 2, திங்கட்கிழமை

அவையோரே! மேடைக்கு முன்னே மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மதிலோரம் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு நின்றபடியே கேட்கும் தோழர்களே! உங்கள் முன் ஒரு வழக்கை வைக்கிறேன். மடிக்கணினி செய்து விற்போர் இந்த நாட்டில் ஓர் எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். எடை குறைவாக வேண்டுமா, வலிமையை விட்டுக்கொடு. வலிமை வேண்டுமா, தோள் இற்றுப்போகச் சும. இரண்டும் வேண்டுமா, வீட்டுப் பத்திரத்தோடு வா. சுமக்க முடியாதவனும் கொடுக்க முடியாதவனும் எங்கே போவான்? இதைக் கேட்க இந்த நாட்டில் ஒருவருமில்லையா?

கைதட்டல் இல்லை. நாற்பது ஆண்டுகள் மேடையில் முழங்கிய கோவேந்தன் இன்று உறையூர் வீட்டு மாடியறையில் ஒரு குறிப்பேட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான், அதுவும் பேனாவால். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்கக் கூடாது என்பது மருத்துவர் இட்ட ஆணை. தொண்டையில் ஒரு சிறிய அறுவை. ஆவணி 24, செவ்வாய்க்கிழமை. இன்னும் இருபத்திரண்டு நாள்.

அதன் பிறகு நான் எழுத்தைத் தட்டினால் கணினி பேச வேண்டும். என் குரலிலேயே பேச வேண்டும். மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ரெஜினா அம்மையார் அதற்கு வழி உண்டு என்கிறார். முந்நூற்றைம்பது வாக்கியங்களை நான் இப்போதே பேசிப் பதிந்து கொடுத்தால், அவற்றிலிருந்து ஒரு குரலைக் கட்டித் தருவாராம். கணினியை மட்டும் நான் வாங்க வேண்டும்.

மணப்பாறைக் கூட்டத்தை ஒத்திவைக்கும்படி கடிதம் எழுதினேன். ஒத்திவைக்க என்றுதான் எழுதினேன்.

கீழே என் மனைவி வடிவாம்பாள் விசில் ஊதுகிறாள். முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்றும் அந்த விசிலை விடவில்லை. ஒருமுறை ஊதினால் உணவு. இருமுறை ஊதினால் மருந்து. கூப்பிட்டால் நான் “வருகிறேன்” என்று விடை சொல்லித் தொண்டையைச் செலவழிப்பேனாம். இப்போது இருமுறை ஊதுகிறாள்.

ஆவணி 3, செவ்வாய்க்கிழமை

தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஷாஜகான் நாற்பதைக் கடந்தவர். பேச்சில் நேர்மை இருந்தது. நான் அரை மணி நேரக் கணக்கைச் சேமிக்க வேண்டி வாய்மூடி நின்றேன். வடிவாம்பாள்தான் பேசினாள்.

“இது ஒரு கிலோ அம்பது கிராம்தாம்மா. ஒத்த விரல்ல தூக்கலாம், பாருங்க. தொண்ணூத்திரெண்டாயிரம்.”

“அந்தத் தடியன்?”

“அது ரெண்டு கிலோ முந்நூறு. கேம் விளையாடுறவங்க வாங்குறது. என்ன வேலை குடுத்தாலும் அசராது. எம்பத்திநாலாயிரம்.”

“ஏன் தம்பி, இளைச்சதுக்கு எட்டாயிரம் கூடவா?”

“இளைக்கிறதுக்குத்தாம்மா செலவு. ஜிம்முக்குப் போறவங்களைக் கேளுங்க.”

வடிவாம்பாள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தபின் ஷாஜகான் இன்னும் உண்மையாகப் பேசத் தொடங்கினார். மெலிந்ததற்குள் விசிறி இல்லை, ஓசையே வராது. ஆனால் தொடர்ந்து கடும் வேலை கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். “பொய் சொல்லி விக்க மாட்டேம்மா. இன்னொண்ணு, இதுல மெமரி போர்டோட ஒட்டி வர்றது. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான். அப்புறம் ஏத்த முடியாது.”

கண்ணாடிப் பேழைக்குள் மூன்றாவது ஒன்று இருந்தது. மெலிவும் வலிமையும் சேர்ந்தது. இரண்டு லட்சத்து முப்பதாயிரம். “அது சும்மா பார்க்குறதுக்கு,” என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். தடித்ததே வேண்டும். ஒரு மணி நேரம் முழங்க வல்லதே என் கருவி. பதினைந்து நிமிடத்தில் களைத்துப்போவது பேச்சாளனின் கருவியாகாது. வரவேற்புரை சொல்பவனுக்கு ஆகும்.

ஆவணி 5, வியாழக்கிழமை

வடிவாம்பாள் என்னிடம் சொல்லாமல் சமையலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்கு மறுபடி போய் வந்திருக்கிறாள்.

“தடியனோட சார்ஜர் மட்டும் எழுநூறு கிராம். செங்கல்லு மாதிரி இருக்கு. அதைச் சொன்னானா அந்தப் பய? மொத்தம் மூணு கிலோ. ஒல்லிக்குச்சியோட சார்ஜர் எரநூறு. சோப்பு டப்பா அளவு. மொத்தம் ஒண்ணேகால்.”

பிறகு இரண்டு துணிப்பைகளில் அரிசி நிறுத்துக் கட்டினாள். ஒன்றில் மூன்று கிலோ, மற்றொன்றில் ஒன்றேகால். அறுவையின்போது கழுத்துக் கட்டிகளையும் எடுப்பார்கள். வலது தோள் சில மாதம் சோர்ந்து கிடக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். ஆகவே இடது தோளில் மாட்டினாள்.

“தெருமுனை வரைக்கும் போய்ட்டு வாங்க. பேசக் கூடாது. வழியில யாராவது நிறுத்திப் பேச்சுக் குடுத்தா, தலையை மட்டும் ஆட்டுங்க.”

மூன்று கிலோவோடு போனேன். திரும்பும்போது எதிர்வீட்டு ஸ்கூட்டர் மீது சற்று அமர நேர்ந்தது. வெயில் அதிகம். அவள் வாசலிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணினாள். எண்ணை எனக்குச் சொல்லவில்லை.

வெயில்தான் காரணம். பங்குனியிலிருந்து பதினொரு கிலோ இளைத்திருப்பதாக அவள் ஒரு கணக்குச் சொல்கிறாள். சட்டைகள் தளர்ந்திருப்பது உண்மைதான்.

ஆவணி 6, வெள்ளிக்கிழமை

இன்றும் மூன்று கிலோவோடு நடந்தேன். பையில் கொஞ்சம் அரிசியைக் குறைத்துவிட்டாள் என்று ஐயப்படுகிறேன். கேட்கவில்லை.

ஆவணி 9, திங்கட்கிழமை

குரல் பதிவு இன்றோடு முடிந்தது. நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம்.

ரெஜினா அம்மையார் கொடுத்த பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சினம் மூண்டது. “தண்ணி குடு.” “ஃபேனைப் போடு.” “எங்க போய்ட்டு வர்ற?” “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்த் தூங்கு.” முந்நூற்றைம்பதும் இப்படியே. இதற்கா ஒரு குரலைச் சேமிப்பது? சிவப்பு மையால் அனைத்தையும் திருத்தினேன். “நீர் தருக.” “மின்விசிறியை இயக்குக.” “எங்குச் சென்று வருகிறாய்?”

அம்மையார் திருத்தங்களைப் புரட்டிப் பார்த்தார். “ஐயா, வீட்ல நீங்க இப்படியா பேசுவீங்க?”

“என் குரல் எனக்குப் பின்னும் இருக்கப்போவது. அது கொச்சை பேசக் கூடாது,” என்றேன்.

எனக்குப் பின்னும் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சிறிய அறுவைதான்.

“கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லங்கய்யா. உக்காந்து, சாதாரணமா, அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க,” என்றார் அவர். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எழுந்து நின்றேன். அமர்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. தோள்துண்டைச் சரிசெய்தேன். எதிர்ச் சுவரில் மூவாயிரம் பேரை நிறுத்தினேன். தொண்டை முதலில் இடறியது. மூன்றாவது வாக்கியத்தில் ஏறிக்கொண்டது. “நீர் தருக!” என்று நான் முழங்கியபோது அடுத்த அறையிலிருந்து ஒரு செவிலியர் வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது ஆண்டுப் பயிற்சி வீண்போகவில்லை.

ஆவணி 11, புதன்கிழமை

வல்லத்தரசு வந்தான். எங்கள் முத்தமிழ் முழக்க மன்றத்தின் மாவட்டச் செயலாளர். இருபது ஆண்டுகளாக என் கூட்டங்களுக்குப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நான் பேசி முடிக்கும் வரை மேடைக்குப் பின்னால் சோடாவோடு நிற்பவன்.

“எந்த லேப்டாப்புண்ணே வாங்கப் போறீங்க?”

தடித்தது என்று தாளில் எழுதிக் காட்டினேன். அதற்குள் வடிவாம்பாள் கண்ணாடிப் பேழையில் இருந்ததைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

“அப்ப அதையே வாங்குவோம்ணே! ரெண்டு லட்சம் என்ன பெரிய லட்சம்? நம்ம தோழர்கள் ஆளுக்கு ஆயிரம் போட மாட்டாங்களா? மார்கழி மாநாட்டுல உங்க முழக்கந்தாண்ணே முதல்ல.”

வேண்டாம் என்று எழுத எண்ணினேன். எழுதவில்லை. மாநாடு என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. இதில் என் குற்றம் ஒன்றுமில்லை.

அவன் போனபின் வடிவாம்பாள் கேட்டாள்: “மாநாடு ஒரு நாளு. மிச்ச முந்நூத்தி அறுபத்திநாலு நாளும் அந்தப் பெட்டி எங்க இருக்கும்?”

ஆவணி 14, சனிக்கிழமை

கட்டிய குரலைக் கேட்க மருத்துவமனைக்கு அழைத்திருந்தார் ரெஜினா அம்மையார். வடிவாம்பாளும் வந்தாள்.

அவர் மேசையில் தடித்த கணினி ஒன்று இருந்தது. நான் எழுத்துகளைத் தட்டினேன். மூன்று நொடி அமைதி; உள்ளே விசிறி இரைந்தது; பின் நான் பேசினேன். நான் வாய் திறக்காமல் நான் பேசினேன்! ஏற்றம், இறக்கம், நிறுத்தம், எல்லாம் அப்படியே. அந்தப் பழைய சங்கநாதம், கரகரப்பைத் தாண்டி வந்து நின்றது. கண் கலங்கியதை மறைக்கத் துண்டை எடுத்தேன்.

பிறகு அதே குரலின் சிறிய வடிவத்தை அவர் தம்முடைய மெலிந்த கணினியில் ஓட்டினார். விடை உடனே வந்தது, இரைச்சல் இல்லை. ஆனால் ஏற்ற இறக்கம் சற்றுத் தட்டையானது. ஒரு முழுப் பேச்சைக் கொடுத்தபோது, ஷாஜகான் சொன்னபடியே, பதினாறாவது நிமிடத்தில் சொற்கள் தயங்கத் தொடங்கின. வென்றது தடித்ததே என்று நான் கையால் காட்டினேன்.

“அம்மாவுக்கு ஏதாவது சொல்லுங்கய்யா,” என்றார் ரெஜினா அம்மையார்.

“வடிவு, சாப்பிட்டாயா?” என்று தட்டினேன்.

தடித்த கணினி முழங்கியது. “வடிவு! சாப்பிட்டாயா!” ஓர் அரசைக் கவிழ்ப்பவனின் குரல் அது. வெளியே காத்திருப்போர் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் சிரிக்கலாம் என்று வடிவாம்பாளைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கைப்பையின் பிடியைச் சரிசெய்தாள். “நான் போய் ஆட்டோ பிடிக்கிறேன்,” என்றாள்.

ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை

இன்று வடிவாம்பாள் பேசவில்லை. என் அரை மணி நேரத்தை நானும் செலவழிக்கவில்லை. வீடு மிக ஒழுங்காக இருந்தது. விசில் மட்டும் நேரத்துக்கு ஒலித்தது.

ஆவணி 16, திங்கட்கிழமை

காலையில் மருந்துக் குவளையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும். அந்தக் குரலோட நான் மிச்ச காலம் பூரா குடித்தனம் பண்ணணுமா?”

நான் தாளை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“எழுத வேணாம். கேளுங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீங்க கூட்டத்துக்குப் போனப்ப எல்லாம் அந்தக் குரலு ஊருக்குன்னு விட்டுட்டேன். நமக்குன்னு ஒண்ணு வீட்ல இருந்துச்சு. கொஞ்சம்தான். அவசரத்துல, சட்டை பட்டன் போட்டுக்கிட்டே பேசுவீங்களே, அது. அதையாவது மிச்சம் வெச்சுட்டுப் போவீங்கன்னு பார்த்தா, எனக்கும் மேடைதானா?”

அவள் இறங்கிப் போய்விட்டாள். படிகளில் அவள் கால் வைக்கும் ஓசை எப்போதும் தாளம் தப்பாது. இன்று தப்பியது.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். சிறிய அறுவை இல்லை. குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கும். மூச்சு அதன் வழியே. மாதங்கள் கழித்து வேறு வகையில் பேசப் பயிலலாம் என்று ரெஜினா அம்மையார் சொல்கிறார். அது வேறு குரல். இந்தக் குரல் 24ஆம் தேதி காலை எட்டு மணியோடு முடிகிறது. இதை முதல் நாளே அறிவேன். எழுதினால் உறுதியாகிவிடும் என்று எழுதவில்லை.

மாலையில் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியின் பதிவுப் பொத்தானை அழுத்தி, வீட்டுக் குரலில் பேச முயன்றேன். “தண்ணி குடு.” மேடை வந்தது. தாழ்த்திச் சொன்னேன். இரங்கற்கூட்டம் வந்தது. இன்னும் தாழ்த்தினேன். சதிகாரனின் குரல் வந்தது. ஒலிவாங்கி என்ற ஒன்று எதிரில் இருந்தால் என் தொண்டை தானே கொடியேற்றிவிடுகிறது. அரை மணி நேரமும் தீர்ந்தது. ஒரு வாக்கியம் தேறவில்லை.

ஆவணி 17, செவ்வாய்க்கிழமை

ரெஜினா அம்மையாருக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “வீட்டுப் பேச்சு தனியா வராதுங்கய்யா. எதிர்ல ஆள் இருக்கணும். கையில வேலை இருக்கணும்,” என்றார். தம்முடைய மெலிந்த கணினியையே ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார். பதிவை ஓடவிட்டுவிட்டு அதை மறந்துவிட வேண்டுமாம்.

தடித்ததாக இருந்தால் சமையலறைக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. விசிறியின் இரைச்சல் பேச்சின்மேல் படிந்திருக்கும். இது மிக்சிக்கும் உப்புச் சாடிக்கும் இடையே ஒரு தட்டைப் போல நுழைந்துகொண்டது. வடிவாம்பாள் கொத்தவரங்காயை என் முன்னே கொட்டினாள்.

“நார் எடுக்காமப் போடுறீங்க.”

“கொத்தவரங்காய்க்கு ஏது நாரு? அவரைக்குத்தான்.”

“முத்தலுக்கு உண்டு. முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது இந்த அடுப்படிக்குள்ள வந்திருந்தாத் தெரியும்.”

“ஏம்மா, பொங்கலுக்கு வரலையா?”

“கரும்பு வெட்ட வந்தீங்க. வெட்டிட்டு, அந்தக் கரும்பைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போனீங்க.”

“ரெண்டு நிமிஷந்தான்.”

“நான் வாட்ச் பார்த்தேன்.”

சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் முதுகைத் தடவினாள். கணினி அங்கே இருப்பது இருவருக்கும் மறந்திருந்தது.

ஆவணி 18, புதன்கிழமை

நேற்றைய பதிவைக் கேட்டேன். அந்த மனிதனை எனக்குத் தெரியாது. கரகரத்த, மெதுவான, சற்றே மூக்கால் பேசும் ஒருவன். சொற்களின் வாலை விழுங்குகிறான். “ஏம்மா” என்று ஒன்பது முறை சொல்கிறான். என் மேடைத் தமிழில் “ஏம்மா” இல்லை; எந்தக் குறிப்பிலும் நான் எழுதியதில்லை. ஆனால் வடிவாம்பாள் பாதி கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அவளுக்கு அவனை நன்கு தெரியும்.

நாற்பத்தொரு வாக்கியம் தேறியிருக்கிறது.

ஆவணி 20, வெள்ளிக்கிழமை

தினமும் அரை மணி நேரமும் அவளுக்கே. கொசுவலை மடிக்கையில், துணி உலர்த்துகையில், முதுகுக்குத் தைலம் தேய்க்கையில். கணினி எங்களோடு அறை அறையாக வருகிறது. அதன் எடை தோளில் தெரிவதில்லை.

பகலில் வல்லத்தரசு வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. “பணம் சேர்ந்துருச்சுண்ணே! அந்தப் பெரிய மெஷினையே வாங்கிடலாம்.”

மார்கழிக்குள் நான் பயணம் செய்ய இயலுமா என்பது ஐயமே என்று எழுதினேன்.

“நீங்க அலையவே வேணாம்ணே. பெட்டி வந்தாப் போதும். உரையை நம்ம தோழர்கள் எழுதிக்குவாங்க. உங்க குரல்ல கேட்டா மைதானமே எந்திரிச்சு நிக்கும்.”

வடிவாம்பாள் மோர்க் குவளையோடு நின்றாள். “அப்ப இவரு?”

“அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும் அண்ணி.”

அவன் தீமை எண்ணியவன் இல்லை. இதை நாளை யாரேனும் படித்தால் அவனைக் குறைவாக எண்ணக் கூடாது. ஆனால் அவன் சொன்னது எனக்கு விளங்கிய கணத்தில் என் காலடியில் பலகை நழுவியது. நான் இல்லாத மேடையில் நான் முழங்குவேன். நான் எண்ணாததை என் குரல் சொல்லும். மக்கள் எழுந்து நிற்பார்கள். அத்தனை வலிமையும் கொண்ட அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு குறைபாடு, அதற்கு நான் தேவையில்லை.

இன்றைய அரை மணி நேரத்தில் இரண்டு நிமிடத்தை எடுத்துச் செலவழித்தேன்.

“வல்லத்தரசு, நான் எண்ணிப் பார்க்காத ஒரு சொல்லும் இந்த வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. அறுத்தெடுத்த பிறகும் வராது. சேர்த்ததை அவரவரிடமே கொடுத்துவிடு.”

அவன் எழுந்தான். வாசற்படி வரை போய், திரும்பாமலே கேட்டான்: “நீங்க பேசாத மாநாட்டை நான் எப்பிடிண்ணே நடத்துவேன்?” தோள் குலுங்கியது. வடிவாம்பாள் அவனை உள்ளே இழுத்துவந்து மோரைக் குடிக்க வைத்தாள்.

ரெஜினா அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டேன். என் மேடைக் குரலை, என் எழுத்து வழியான இசைவின்றி யாரும் இயக்கக் கூடாது.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. மேடையை விட்டுவிட்டேன் என்பது மெல்ல மெல்லத்தான் உறைக்கிறது. மெலிந்த கணினியை வாங்கினால் ஒரு மணி நேரப் பேச்சு இனி இல்லை. நாற்பது ஆண்டுகளாக எதை நான் என்று எண்ணியிருந்தேனோ அதை ஓர் எடைக் கணக்கில் இறக்கிவைக்கிறேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளில் நான் உண்மையில் சொல்ல வேண்டியவற்றை எண்ணிப் பார்த்தேன். எதுவும் பதினைந்து நிமிடத்துக்கு நீளவில்லை. பெரும்பாலானவை மூன்று சொல். ஆனால் அவை அடுப்படியில் வேண்டும், பேருந்தில் வேண்டும், படுக்கையில் வேண்டும். நான் போகுமிடமெல்லாம் என்னால் சுமக்கக்கூடியதாக வேண்டும்.

ஆவணி 21, சனிக்கிழமை

மெலிந்ததையே வாங்கினோம். ஷாஜகான் எங்களைக் கண்டதும், “அம்மா, தராசு கொண்டாந்துருக்கீங்களா?” என்றார். அவள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் நிறுத்தும் காட்டினார், ஒன்றேகால், ஒரு கிராம் கூடவில்லை. நினைவகம் இருமடங்கு வேண்டுமானால் எட்டாயிரம் கூடுதல் என்றார்.

“அப்புறம் ஏத்த முடியாதுன்னுதானே சொன்னீங்க? அப்ப இப்பவே ஏத்தியே குடுங்க,” என்றாள் வடிவாம்பாள்.

மொத்தம் ஒரு லட்சம். குறைவாகத் தருவதற்குக் கூடுதலாகக் கேட்கும் அந்த அநீதி அப்படியே நிற்கிறது. நான் அதற்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்து வழக்கைத் திரும்பப் பெறவில்லை.

ஆவணி 23, திங்கட்கிழமை, மருத்துவமனை

இன்று சேர்த்துக்கொண்டார்கள். கட்டிலுக்குக் குறுக்கே உருளும் உணவு மேசையில் கணினி இருக்கிறது. பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்துக்கும் இடம் மிச்சம்.

மாலையில் ரெஜினா அம்மையார் வந்து பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். இருநூற்றுத் தொண்ணூறு வாக்கியங்கள். “அருமையா வந்திருக்குங்கய்யா. கேலி இருக்கு, பசி இருக்கு, அலுப்பு இருக்கு, சிரிப்புகூட இருக்கு. கோபம் மட்டும் இல்லவே இல்ல.”

“அது எதுக்கு அவருக்கு?” என்றாள் வடிவாம்பாள்.

“கோபமில்லாத குரலை வெச்சுக்கிட்டு எப்படிம்மா குடும்பம் நடத்துறது? நீங்க என்ன சொன்னாலும் சரி சரின்னே சொல்லிக்கிட்டிருக்கும். ரெண்டு மாசத்துல உங்களுக்கே வெறுத்துப்போகும்.”

அவர் போனபின் முயன்றோம். வரவில்லை. அந்தத் திங்கட்கிழமைக் காலைக்குப் பிறகு அவள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கஞ்சியை ஊதிக் கொடுப்பவளிடம் எப்படிச் சினப்பது?

அவளிடம் காரணம் இருக்கிறது. தை மாதம் தொண்டை கட்டியபோதே மருத்துவரிடம் போகச் சொன்னாள். மாசியில் சொன்னாள். பங்குனியில் முன்பதிவுச் சீட்டே வாங்கி வந்தாள். நான் அன்று கரூருக்குப் பேசப் போனேன். அந்தச் சீட்டை அவள் என் முன் ஒருமுறையும் எடுத்துக் காட்டியதில்லை.

நானும் அவளோடு சண்டையிட்டதில்லை. ஊரின் முன்னே உலகத்தையே எதிர்த்தேன். வீட்டில் ஒரு சொல் முற்றினால் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதை நான் பண்பு என்று எண்ணியிருந்தேன்.

ஆவணி 24, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை

வடிவு, இன்றைய அரை மணி நேரத்தை உன்னை எழுப்புவதற்கு வீணாக்க மாட்டேன். அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்து உன் கையில் வைக்கிறேன். கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாய். உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வரும். கணினியைத் திறந்துவிட்டேன். பதிவு ஓடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் கேட்காது.

பங்குனி மாதச் சீட்டைப் பற்றிக் கேள். கரூரில் அப்படி என்ன பேசிக் கிழித்தாய் என்று கேள். முப்பத்தாறு ஆண்டுகளில் எத்தனை மாலை தனியே சாப்பிட்டாய் என்று சொல். எனக்கு மரியாதை வேண்டாம், பொறுமை வேண்டாம், நோயாளி என்ற இரக்கம் ஒரு துளியும் வேண்டாம். நான் மாடியேறிப் போக மாட்டேன். ஏறிப்போக இங்கே மாடியும் இல்லை. எதிர்த்துப் பேசுவேன். தவறாகவும் பேசுவேன். என் குரல் உடையட்டும்.

எழுந்திரு, வடிவு. முகத்தைக் கழுவாதே. வந்து எதிரில் நின்று என்னோடு சண்டை போடு. இப்போதே தொடங்கு.